பசியை வென்றவர் பரிமாறிய பந்தி

கொள்ளிடக் கரையில் ஒரு மடம். அங்கே வாகீசர் என்று ஒரு சீடர். பசியை வென்றவர் என்று அவருக்குப் பெயர்.

இருபது வருஷமாக உச்சி வேளையில் ஒரு பிடி சோறு, அதோடு சரி. முதலில் வயிறு கத்திப் பார்த்தது. பிறகு கெஞ்சியது. பிறகு அதுவாகவே அடங்கிப் போனது. அது அடங்கிய நாளைத்தான் வாகீசர் தம் வாழ்நாளின் பெரிய நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வந்தது பாருங்கள் ஒரு சோதனை.

அரிசி ஆலைக்காரர் தியாகேசன் மடத்துக்கு ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். சக்கரத்தில் ஓடும். ஒரே கை. அந்தக் கையால் பந்தியில் சோறு போடும். மற்ற நேரத்தில் கூடத்தில் நின்றுகொண்டு கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். சாத்திரம் முழுக்க அதற்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரு பக்தர் சும்மா இருக்க மாட்டாமல் அதனிடம் கேட்டார்: "உனக்குப் பசிக்குமா?"

"பசிக்காது. உறக்கம் இல்லை. ஆசையும் இல்லை."

"அப்ப நீ முத்தி அடைஞ்சவன்னு சொல்லு."

கூடமே சிரித்தது. மறுநாளிலிருந்து ஜனங்கள் அதை எந்திர சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதன் கழுத்தில் மாலையும் போட்டுவிட்டார்.

வாகீசருக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வயிற்றில் ஏதாவது நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

நேரே குருவிடம் போனார். குரு அவரைவிட வயதில் இளையவர். இரண்டு வேளையும் திருப்தியாகச் சாப்பிடுகிறவர். அது வாகீசருக்கு ஏற்கெனவே ஒரு மனக்குறை.

"சாமி, நான் கெளம்புறேன்."

"எங்க?"

"எங்கயாவது. இங்க இருந்து என்ன பிரயோசனம்? இருபது வருஷம் பட்டினி கெடந்து நான் எட்டிப் புடிக்கப் பாத்த எடத்துல, நேத்து வந்த இரும்பு நோகாம வந்து நிக்குது. அப்ப நான் பட்டதெல்லாம் என்ன? பைத்தியக்காரத்தனமா?"

குரு உட்காரச் சொல்லிக் கை காட்டினார். வாகீசர் உட்காரவில்லை.

"ஒடம்புதான் அறிவுக்கு வெலங்குன்னா, அந்த எந்திரந்தான் பெரிய ஞானி. நான் போயி அது காலுல விழுறேன், அதுக்குக் காலு இருந்தா. அப்படி இல்லேன்னா, இந்த ஒடம்பு எதுக்குன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

கிளம்புகிறேன் என்று வந்தவர் நகர மாட்டேன் என்று நின்றதைக் குரு கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னைக்குப் பந்தியில அது சோறு போடட்டும். நீரு பின்னாலயே கொழம்பு ஊத்திக்கிட்டுப் போம். அப்புறம் பேசுவோம்."

"நானா?"

"நீருதான்."

வாகீசர் குழம்பு வாளியைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதுவும் அந்த இரும்புக்குப் பின்னால், அதற்கு எடுபிடி மாதிரி. ஆனாலும் குருவின் வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு பருக்கை சிந்தவில்லை. எல்லா இலையிலும் ஒரே அளவு. வாகீசர் ஒவ்வோர் இலையிலும் தப்பு தேடிக்கொண்டே குழம்பு ஊற்றினார்.

பந்தியின் கடைசியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பால்குடிக் குழந்தை. ஆற்றில் இறங்கி நடந்து வந்தவள் போல, சேலையின் கீழ்க்கரை ஈரமாக இருந்தது. இலவசச் சாப்பாட்டுக்கு வந்து பழக்கமில்லை என்பது அவள் ஒடுங்கி உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. முதல் சோற்றை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டிருந்தாள்.

இரண்டாம் முறை வந்தபோது இயந்திரம் அவள் முன்னால் நின்றது.

"இன்னும் சோறு வேண்டுமா?"

அவள் பக்கத்து இலைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். கையைத் தூக்கித் தடுத்தாள்.

"போதுங்க."

இயந்திரம் நகர்ந்துவிட்டது. சோறு விழாத இலைக்குக் குழம்பு எதற்கு என்று வாகீசரும் அவளைத் தாண்டிப் போனார்.

வாசலில் நின்றிருந்த குரு விறுவிறு என்று வந்தார். இயந்திரத்தின் கரண்டியைப் பிடுங்கினார்.

"கைய எடு தாயி."

அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். குரு ஒரு கரண்டி போட்டார். இன்னொன்று போட்டார். அவள் தடுக்கவில்லை. மூன்றாவதும் போட்டார்.

"கொழம்பு," என்றார், வாகீசரைத் திரும்பிப் பார்க்காமல்.

வாகீசர் ஊற்றினார். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். மடியில் குழந்தை சிணுங்கியது அவள் காதில் விழவே இல்லை.

பந்தி கலைந்து இலை எடுத்தாயிற்று. கூடத்தில் குருவும் வாகீசரும் இயந்திரமும்தான். வாகீசர் வெடித்தார்.

"அத்தன பேரு முன்னால என்னை அவமானப்படுத்திட்டீங்க. அந்த அம்மா போதும்னு சொன்னா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"அவ கையப் பாத்தீரா?"

"பாத்தேன். தடுத்தா."

"நெசமாப் போதும்னா எலையோட ஒட்டித் தடுப்பா. ஒரு பருக்கை விழ எடம் குடுக்க மாட்டா. அவ கை எங்க நின்னுச்சு?"

வாகீசர் யோசித்தார். கை இலைக்கு வெகு மேலே நின்றது. விரலெல்லாம் விரிந்திருந்தது. கண் கரண்டியின் மேலேயே இருந்தது. எல்லாம் நினைவுக்கு வந்தது. வந்த பிறகும் கோபம் இறங்கவில்லை. யார் மேலாவது அதைக் கொட்டியாக வேண்டும். இயந்திரத்தின் பக்கம் திரும்பினார்.

"நீதான முன்னால போன? ஒனக்குத் தெரியலையா?"

"அவர் கை இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பார்த்தேன். போதும் என்று அவர் சொன்னதையும் கேட்டேன். பசியைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இவற்றைச் சேர்த்துப் பார்க்க எனக்கு வரவில்லை. தவறுதான்."

வாகீசரின் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டீங்களா சாமி? அதோட வாயாலயே ஒத்துக்கிச்சு. பசின்னு ஒண்ணு உள்ள கெடந்து கிள்ளியிருந்தால்ல தெரியும்? ஒத்தக் கைய ஒட்டவெச்சு அனுப்பிட்டாங்க, வயித்துக்கு எங்க போறது? இதப் போயி ஞானின்னு மாலை போட்டானுங்களே, மடப்பசங்க."

ஊரைவிட்டுக் கிளம்ப வந்ததையே அவர் மறந்து போனார். ஜெயித்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றார்.

குரு கோபப்பட்டு அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு வாகீசர் பார்த்தார்.

"அதுக்கு வயிறு கெடையாது. அது மேல எனக்குக் கோவம் இல்ல," என்றார் குரு. "உமக்கு இருந்துதே வாகீசரே. அத என்ன பண்ணினீரு?"