ஊமையன் கொண்டுபோன கீழ்மூச்சு

அந்தக் காலத்தில் யானையும் பேசும், பைக்கும் பேசும். பைக்கின் உறுப்புகள்கூடத் தனித்தனியாக வாயடித்துக்கொண்டிருந்த காலம் அது. செயின் ஒன்று சொன்னால் பிரேக் ஒன்று சொல்லும்; ஹாரனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேசாமல் கிடந்தது சைலன்சர் மட்டும்தான். அதனால் அதற்கு ஊமையன் என்று பெயர்.

மலையடிவாரத்து ஊரில் சென்னியப்பன் என்று ஒருவன் இருந்தான். அவனிடம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று இருந்தது. செவலை என்று கூப்பிடுவான். ஓட்டுகிறவன் குப்புறப் படுத்துக்கொள்ள, பின்னால் இருப்பவள் பரண்மேல் ஏறி உட்கார்ந்தது போல உட்கார வேண்டிய வண்டி. அவன் மனைவி குஞ்சம்மாள் மேல்மலைக்காரி. நல்லது கெட்டது எது வந்தாலும் அவளை ஏற்றிக்கொண்டு அந்த மலைப்பாதையில் அவன் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஆள் பார்க்க வாட்டசாட்டம். மீசையை முறுக்கிவிட்டால் சந்தையே வழிவிடும். ஆனால் மலையில் ஒற்றைக்கொம்பன் என்று ஒரு யானை திரிந்துகொண்டிருந்தது. அதன் பெயர் காதில் விழுந்தாலே சென்னியப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உள்ளங்கை வேர்த்துவிடும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடம் சொல்வதைவிடச் செத்துப் போகலாம் என்று நினைக்கிற ரகம்.

இத்தனைக்கும் அந்த மலையில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. வண்டிகளுக்கும் யானைகளுக்கும் நடுவே ஓர் ஏற்பாடு இருந்தது. கொண்டை ஊசி வளைவு வந்தால் வண்டி நிற்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுக் காட்டைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யானை கடப்பதாக இருந்தால் கடந்து போய்விடும். அப்புறம் முதல் கியரில் முணுமுணுத்துக்கொண்டே வளைவை ஏறிவிடலாம். சத்தம் போடாத வண்டியின் வழியில் யானை நிற்பதில்லை. செவலையும் நின்ற இடத்திலிருந்து பிசிறில்லாமல் இழுத்துக்கொண்டு ஏறும். எல்லாம் இஞ்சினின் பலம் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டிருந்தான். செவலையும் அப்படித்தான் நினைத்தது.

ஒருநாள் சந்தையில் ஒரு குழாய்க்காரனைப் பார்த்தான். ஊர் ஊராய்ப் போய்ப் பழைய சைலன்சரை வாங்கிக்கொண்டு புதுக்குழாய் மாட்டிவிடுகிறவன். வாயகன்ற குட்டைக் குழாய், வெயில் பட்டுப் பளபளவென்று மின்னியது.

"இதை மாட்டிப் பாருங்க அண்ணா. நீங்க வர்றீங்கன்னா மலையே நடுங்கும்" என்றான் குழாய்க்காரன்.

"யானைகூடவா?" என்று சென்னியப்பன் விளையாட்டாகக் கேட்பதைப் போலக் கேட்டான்.

"யானையா? வாலைச் சுருட்டிட்டு ஓடும்."

குரைக்கிற நாய் கடிக்காது என்பது ஊருக்கே தெரியும். பயந்தவனுக்கு மட்டும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை. "கழட்டு" என்றான் சென்னியப்பன்.

கடைசித் திருகைத் தளர்த்தும்போதுதான் ஊமையன் முதல் தடவையாக வாய் திறந்தான். "வேண்டாஞ் சென்னியப்பா. பொறந்தன்னைக்கே நானும் இஞ்சினும் மூச்சைப் பங்கு போட்டுக்கிட்டோம். வேகமா ஓடறப்ப மேல்மூச்சு, அது இஞ்சினோடது. நின்ன எடத்துல இருந்து கெளம்பறப்ப கீழ்மூச்சு, அது என்னோடது. வெளிய போற மூச்சை நான் சித்த நேரம் புடிச்சு உள்ளாற தள்ளிவிடறேன். புது மூச்சு வீணா ஓடிப் போகாம நிக்கறது அதுலதான். நான் போனா என் பங்கும் என்னோட வந்துரும்."

"ஊமையனுக்கு இன்னைக்குப் பொறாமையில பேச்சு வந்துருச்சு" என்று சிரித்தது செவலை. சென்னியப்பனும் சிரித்தான். திருகு கழன்றது. குழாய்க்காரன் ஊமையனைச் சாக்கில் போட்டுக்கொண்டு கொல்லன் பட்டறைப் பக்கம் போனான்.

புதுக்குழாயைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே? எங்கே சோதித்தான் தெரியுமா? ஆற்றோரத்துச் சமவெளி ரோட்டில். நேர்ரோட்டில் உருட்டி ஓடவிட்டு, கியரை ஏற்றி ஏற்றி முறுக்கினான். செவலை பறந்தது. வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பின. நாய்கள் வீட்டுக்குள் ஓடின. நெஞ்சுக்குள் இருந்த பயம் முழுதும் குழாய் வழியே போய்விட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான். நிறுத்திக் கிளப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கவும் தோன்றவில்லை.

அன்றைக்கே மேல்மலையிலிருந்து ஆள் வந்தது. குஞ்சம்மாளின் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. குழாய் மாட்டிய களேபரத்தில் புறப்படவே பொழுது சாய்ந்துவிட்டது.

"என்னங்க இது, காது கிழியுது! வளைவுல நிறுத்திக் கேட்டுட்டுப் போகோணுமுங்க" என்றாள் பின்னாலிருந்து குஞ்சம்மாள்.

"இனி நாம எதுக்குப் புள்ள கேக்கோணும்? அதுங்க கேக்கட்டும்."

முதல் வளைவுகளை வேகத்தோடு வேகமாக அடித்துத் தாண்டினான். செவலையின் அலறல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. குருவிகள் அடங்கின. கொஞ்ச தூரத்தில் பூச்சிகளும் அடங்கின. செவலை அலறுகிற நேரம் தவிர மலையில் ஒரு சத்தமும் இல்லை. சென்னியப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

செங்குத்தான ஒரு வளைவில் மூங்கில் ஒன்று ரோட்டின் குறுக்கே ஒடிந்து கிடந்தது. பிரேக்கைப் பிடித்து நின்றான். குஞ்சம்மாள் இறங்கி மூங்கிலை இழுத்து ஓரமாகப் போட்டாள். ஒடிந்த இடம் இன்னும் பச்சையாக ஈரமாக இருந்தது. அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "போலாமுங்க. சீக்கிரம்."

அப்போதுதான் கீழே, அவர்கள் கடந்து வந்த ரோட்டில், பெரிய பெரிய அடிகள் கேட்டன. திருப்பத்தில் முதலில் ஒரு கொம்பு வந்தது. இன்னொரு கொம்பு வரவில்லை.

"மலைமேல் ஏறி என்னைக் கூப்பிட்டது யார்?" என்றது ஒற்றைக்கொம்பன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டது.

சென்னியப்பன் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். எப்போதும் இழுக்கிற செவலை இழுக்கவில்லை. க்ளுக் என்று இருமி அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பினான். மறுபடி இருமல். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் குழாய் ஊளையிட்டது. கிளட்சை விட்டால் சக்கரம் அசைய மறுத்தது. ஒவ்வொரு ஊளைக்கும் யானை இன்னும் ஓர் அடி கிட்டே வந்தது.

"செவலை, இழு! உன் காலைப் புடிக்கறேன், இழு!"

"கீழ்மூச்சே இல்ல சென்னியப்பா" என்று செவலை நடுங்கியது. "இழுத்த மூச்சு நெஞ்சுல நிக்க மாட்டேங்குது, குழாய் வழியா அப்படியே ஓடிப் போகுது. வேகம் புடிச்சாத்தான் எனக்கு உயிர் வரும். மேட்டுல வேகத்துக்கு எங்க போறது? இறக்கத்துல திருப்பி விடு."

இறக்கத்தில் யானை நின்றது.

இத்தனை வருஷம் மறைத்து வைத்தது சென்னியப்பனின் வாயில் வந்துவிட்டது. "குஞ்சு, எனக்குப் பயமா இருக்குது. எப்பவுமே பயந்தான். அதுக்குத்தான் இந்தக் குழாயே மாட்டுனேன்."

"எனக்கும் பயந்தானுங்க" என்றாள் அவள். "இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா ரெண்டு பேருஞ் சேர்ந்து பயந்துட்டுக் கம்முனு போயிருக்கலாம். இப்ப இறங்குங்க. வண்டியைத் திருப்புவோம். சாவியைப் புடுங்குங்க, சத்தமே வேண்டாம்."

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்கள். சென்னியப்பன் ஏறிப் படுத்தான். குஞ்சம்மாள் அவன் இடுப்பை வளைத்துப் பிடித்தாள். பிரேக்கை விட்டான்.

செவலை உருண்டது. டயர் மண்ணை அரைக்கிற ஓசை தவிர வேறு ஒன்றும் இல்லை. யானைக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு கட்டில் அகலம்தான் இடம் இருந்தது. யானையின் வாடை வந்தது. அப்புறம் அதன் வயிற்றுச் சூடு அவன் தோளில் பட்டது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் பள்ளம் பக்கத்திலேயே இருந்தது. ஒற்றைக்கொம்பன் காதை விரித்து நின்றது, நகரவில்லை. சத்தம் போடாத வண்டியை அது தடுக்க முடியாது; ஏற்பாடு அப்படி.

ஆனால் தாண்டுகிற நேரத்தில் தும்பிக்கை நீண்டது. குஞ்சம்மாளை விட்டுவிட்டு, குனிந்திருந்த சென்னியப்பனின் பிடரியை ஈரமாகத் தடவியது.

"இந்த வாசனை எனக்குப் போதும். இனி எந்த வளைவில் நீ தவித்து நின்றாலும் உன் பின்னால் நான் வருவேன்" என்றது யானை.

அடிவாரம் வரை சாவியைப் போடாமலே வந்தார்கள். சென்னியப்பன் வண்டியை எறிந்துவிட்டுக் கொல்லன் பட்டறைக்கு ஓடினான். உலையில் ஊமையன் பழுத்துச் சிவந்து கிடந்தான். பாதி உருகியாகிவிட்டது.

"வெளிய எடுங்க! நான் மறுபடியும் மாட்டிக்கறேன்" என்று கத்தினான் சென்னியப்பன்.

"எரிஞ்ச மூச்சு திரும்பாது சாமி" என்றான் ஊமையன் நெருப்புக்குள்ளிருந்து. "உம்மேல எனக்குக் கோவமில்ல. பயந்துட்டே, அவ்வளவுதான். ஆனா பங்கு பங்குதான். என்னைக் கழட்டுனவன் வண்டிக்கு மேல்மூச்சு எவ்வளவு வேணும்னாலும் இருக்கட்டும். கீழ்மூச்சு கெடையாது."

அத்தோடு அவன் முழுதும் உருகிப்போனான். உலை மட்டும் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது. குஞ்சம்மாள் அக்கா குழந்தையைப் பார்க்க மறுநாள் நடந்தே மலை ஏறினாள். சென்னியப்பனும் கூடவே நடந்தான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

அன்று முதல்தான், கூடப் பிறந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வாயகன்ற குழாயை மாட்டிக்கொண்ட வண்டி நேர்ரோட்டில் எவ்வளவு அலறிப் பறந்தாலும், மேட்டில் நின்று கிளம்பும்போது இழுவையில்லாமல் இருமித் திணறுகிறது. அதை ஓட்டுகிறவனும் அந்த ஒரு நொடியில், பின்னால் யாருமில்லை என்று தெரிந்தும், பிடரி சில்லிட்டுத் திரும்பிப் பார்க்கிறான்.