பன்னிரண்டு கரண்டித் திருத்தம்

கீர்த்திவளவன் என்றொரு ராஜா. காதில் விழுவதையெல்லாம் அன்றைக்கே சட்டமாக்கிவிடுகிற ராஜா. அவருக்கு வாய்த்த மந்திரி அனந்தபத்மன், எங்கோ தேசாந்திரம் போய்த் திரும்பும்போது 'தினம் ஒரு திருத்தம்' என்றொரு முறையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அரண்மனையில் ஒவ்வொருவரும் நாள்தோறும் தம் வேலையில் ஒன்றையாவது முந்தின நாளைவிடச் சீராக்க வேண்டும். அதை ஓலையில் எழுதிச் சபையில் தொங்கவிட வேண்டும். ஒரு மாதம் ஓலை தராதவனுக்கு வேலை போய்விடும்.

ஓலை வந்து குவிந்தது. லாயத்துக்காரர்கள் கூரையில் தாங்களே எட்டு ஓட்டை போட்டு, நாளுக்கு ஒன்றாக அடைத்தார்கள். வாயிற்காவலர்கள் கதவுக் குடுமியில் மணலைக் கொட்டி, மறுநாள் எண்ணெய் விட்டார்கள். வெட்கங்கெட்ட கூத்து. மந்திரி என்னவோ பூரித்துப் போனார்.

தலைமைச் சமையற்காரர் திருமேனி மட்டும் ஓர் ஓலைகூடத் தரவில்லை. இன்னும் இரண்டே நாளில் மாதம் முடிகிறது. அரண்மனை விகடகவி இடும்பனிடம் போய் அழாத குறையாகச் சொன்னார்.

"இருபது வருஷமா அதே மிளகு ரசம். ராஜா ஒரு சொட்டு மிச்சம் வெச்சதில்ல. நல்லா இருக்கறத நான் என்னத்தத் திருத்த?"

"நாளைக்கு நான் சொல்ற மாதிரி செய்யும். பழி என்மேல" என்றான் இடும்பன்.

மறுநாள் ராஜா ரசத்தை வாயில் வைத்தார். அப்படியே துப்பினார். "சமுத்திரத்தையே காய்ச்சி ஊற்றினானா? கூப்பிடு அந்தத் திருமேனியை."

இடும்பன்தான் வந்து நின்றான். "நான் செய்யச் சொன்னது, மன்னா. இன்று வழக்கத்தைவிடப் பன்னிரண்டு கரண்டி உப்பு அதிகம். நாளைக்குப் பதினொன்று. தினம் ஒரு கரண்டி குறையும், தினம் ஓர் ஓலை ஏறும்."

"பன்னிரண்டு நாள் கழித்து?"

"பழைய ரசம் வந்துவிடும்."

"அதுதான் நேற்றே இருந்ததே?"

"இருந்தது. ஓலை இல்லை. அதனால் அதைச் சமைத்தவருக்கு வேலை போகிறது. கூரையை உடைத்த லாயத்துக்காரர்களுக்கு மந்திரி பட்டுச் சால்வை போர்த்துகிறார்."

ராஜா, பக்கத்தில் இருந்த மந்திரியைப் பார்த்தார். அந்த மனிதர் அப்போதும் விடவில்லை. "ஆனாலும் பிரபு, படிப்படியாகக் குறைகிறதே, அது முன்னேற்றம்தானே?"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மோதிரத்தைக் கழற்றி இடும்பனிடம் கொடுத்தார். திருமேனியின் வேலை திருமேனிக்கே என்றார்.

"நாளை முதல் எனக்குப் பழைய ரசம். மீதிப் பதினொரு நாள் முன்னேற்றத்தையும் மந்திரி குடிக்கட்டும்."