கிளி சொன்ன விளைச்சல்

முன்னொரு காலத்தில் கொன்றையூர் என்ற நாட்டை வச்சிரவளவன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் யானை வேண்டும் என்பான்; மாலையில் எவன் இதை வாங்கினான் என்று கத்துவான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். சித்திரை பிறந்ததும் இந்த வருஷம் எவ்வளவு நெல் விளையும் என்று சபையில் ஒருவர் கணித்துச் சொல்ல வேண்டும். சொன்ன அளவுக்குப் புதுக் களஞ்சியம் கட்டிவிடுவார்கள். முதலில் அமைச்சர் குழந்தைவேலர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கணியர் பராந்தகனார் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்து அமைச்சர் பதவிமேல் அவருக்கு ஒரு கண்.

அந்தச் சித்திரையில் பராந்தகனார் மார்தட்டினார். "மன்னா, விளைச்சல் இரட்டிப்பு! அரிசி விலை பாதி!"

"அப்படியானால் வரியும் இரட்டிப்பு. இன்றே வசூலியுங்கள்!" என்றான் ராஜா.

அமைச்சர் குறுக்கே வந்தார். குடிகளிடம் அப்போது இருந்தது விதைநெல் மட்டும்தான்.

"அரசே, கணிப்பு பொய்த்தால் ஊர் எதைத் தின்னும்?"

"தம் கணிப்பு பலிக்காத எரிச்சல் அமைச்சருக்கு!" என்றார் பராந்தகனார்.

"வாஸ்தவம். என்னைவிட அரண்மனைக் கிளி நன்றாகச் சொல்லும். உம்மைவிடவும் சொல்லும். கிளி தோற்றால் என் பதவி உமக்கு."

ராஜாவுக்குக் குஷி பிறந்தது. கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு எல்லாரும், வருஷத்துக்கு ஒன்றாகக் களஞ்சியங்கள் கட்டியிருந்த தெருவுக்குப் போனார்கள். முதல் களஞ்சியத்தைத் திறந்தால் கால்வாசிக்குத்தான் நெல் நின்ற கறை. மூலையில் பூனை குட்டி போட்டிருந்தது.

"இது யார் கணிப்பு?"

"அடியேன்தான், அரசே. நெல் வரவில்லை. பூனையாவது வந்ததே!"

அடுத்தது பராந்தகனார் கட்டச் சொன்னது. அதில் நெல் கொள்ளாமல் வெளியே கொட்டி முளைத்துக் கிடந்தது. ஒவ்வொரு வாசலிலும் அமைச்சர், "கிளியே, விளைச்சல் எப்படி?" என்றார். கிளிக்குத் தெரிந்தது ஒரே பேச்சு: "போன வருஷம் போலத்தான்!"

ராஜா ஒவ்வொரு முறையும் முந்தின வருஷக் களஞ்சியத்தின் கறையை எட்டிப் பார்த்தான். பெரும்பாலும் கிளி சொன்னதுதான் கிட்டத்தில் இருந்தது.

"போயும் போயும் கிளியோடு என்னை…" என்று பராந்தகனார் முணுமுணுத்தார்.

"வருந்தாதீர். அதற்கு அடுத்த இடம் உமக்கு, கடைசி இடம் எனக்கு."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். அறுவடைக்குப் பிறகே வரி என்றான். கிளிக்கு வெள்ளிக் கூண்டு கிடைத்தது. தினமும் அதற்குப் பழம் நறுக்கிப்போடும் வேலை பராந்தகனாருக்கு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வரிக்குப் போகாமல் வீட்டிலிருந்த விதைநெல்லில் கஞ்சி காய்ச்சித்தான் நாடு உயிர் பிழைத்தது. கிளியோ அப்போதும், "போன வருஷம் போலத்தான்!" என்றது. ராஜா வாளை உருவினான்.

அமைச்சர் ஓடிவந்து கூண்டைக் கட்டிக்கொண்டார். "விடுங்கள், அரசே! இன்றோடு இதுவும் எங்களில் ஒருவர். ஒரு தப்புக்குத் தலையை வாங்கினால் இந்தச் சபையில் யார் கழுத்து மிஞ்சும்?"

ராஜா வாளை உறையில் போட்டான். கிளி பழம் தின்றது. கதை சொன்ன நானும் இன்றைக்கு மழை வராது என்று குடையில்லாமல் வந்தவன்தான். நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிறேன்.