தளர்த்தாத நேரம்

"இந்தப் படத்துல என்ன குறைன்னு சொல்லுங்க" என்றார் சவரிமுத்து.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். செருகிய வேகத்தில் அதன் மூலை மடங்கியது.

மங்கையர்க்கரசி பார்த்தார். உடைந்த முதுகெலும்பு கூடியிருந்தது. நான்கு திருகுகளும் நூல் பிடித்ததுபோல் நின்றன.

"குறையே இல்லை சார்."

சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதுகைத் திறந்து அறுவை செய்வதில் இருபத்தைந்து வருடப் பழக்கம். மங்கையர்க்கரசி அவரைவிடப் பதினாறு வயது இளையவர். தோலில் சின்னத் துளைகள் போட்டு, தசையை எலும்பிலிருந்து பிரிக்காமலே, அதே திருகுகளை ஏற்றுவார். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும்படி சவரிமுத்துவை அவருடைய மருத்துவமனை இங்கே அனுப்பியிருந்தது.

மூன்று வாரமாகக் கற்றுக்கொண்டிருந்தார். மூன்று வாரமும் கோபமாகவே இருந்தார்.

"குறை இல்லைல்ல? அப்ப அவன் ஏன் என்னை விட்டுட்டு உங்ககிட்ட வந்து நிக்கிறான்?"

அவன் என்று அவர் சொன்னது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூலோகராஜை. பந்தல் போடுகிறவர். ஏழு மாதத்துக்கு முன் பந்தல் உச்சியிலிருந்து விழுந்தார். சவரிமுத்துதான் அறுவை செய்தார். இன்றும் பூலோகராஜால் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை.

"வலிக்குதுன்னு வந்தார்."

"நடிப்பு. வேலைக்குப் போகலாம்னு சான்றிதழ் எழுதியே கொண்டாந்திருக்கேன். என் கையெழுத்துதான் பாக்கி. போட்டா நாளைக்கே கம்பத்துல ஏறியாகணும். இல்லன்னா மேஸ்திரி வேற ஆளைச் சேத்துக்குவாரு. வலி எங்க போகுதுன்னு அப்ப பாருங்க."

"தசையை விலக்கிப் பிடிக்க ரிட்ராக்டர் மாட்டினீங்களே, எத்தனை தடவை தளர்த்தினீங்க?"

"தளர்த்துறதா? தளர்த்தினா பாக்குற இடம் மூடிக்கும். ஒரு சிஸ்டர் அரை மணிக்கொரு தடவை 'தளர்த்தணும் சார், தளர்த்தணும் சார்'னு சொல்லிட்டே இருந்துச்சு. வார்டுக்கு மாத்திவிட்டேன். ரெண்டே முக்கால் மணி நேரம். ஒருக்காகூடத் தளர்த்தல. அதனாலதான் படம் இப்படி இருக்கு."

மங்கையர்க்கரசி பூலோகராஜை உள்ளே கூப்பிட்டார்.

"ஐயாவும் இங்கதான் இருக்கீயளா?" என்றார் அவர்.

"இருக்கேன். உன் படத்தைப் பாரு. எவ்வளவு நல்லாருக்கு."

"நல்லாத்தான் இருக்கு ஐயா. நாளைக்கு அதையே கம்பத்துல ஏத்தி விட்ருவமா?"

சவரிமுத்துவின் காது சிவந்தது.

மங்கையர்க்கரசி பூலோகராஜைக் குப்புறப் படுக்கச் சொல்லி, ஸ்கேன் கருவியை முதுகில் வைத்தார். தசையில் ரத்தம் ஓடும் இடமெல்லாம் திரையில் சிவப்பாகத் தெரியும். பக்கத்துத் திரையில் இன்னொருவருடைய முதுகு. அதே எலும்பு உடைந்து, துளை வழியாகத் திருகு ஏற்றப்பட்டவர்.

அந்த முதுகில் சிவப்பு மினுங்கிக்கொண்டிருந்தது.

இந்த முதுகில் தழும்பின் இருபுறமும் இருட்டு.

"மெஷின் பழசு" என்றார் சவரிமுத்து.

"போன மாசம்தான் வந்தது சார்."

"அப்ப யாருக்கும் இன்னும் பழகல."

"உங்க பிரஷரைப் பாத்துடலாமா?"

சவரிமுத்து வலது கையை விறைப்பாக நீட்டினார். மங்கையர்க்கரசி மேற்கையில் பட்டையைச் சுற்றினார். காற்றை ஏற்றினார். மணிக்கட்டில் நாடி நிற்கும்வரை ஏற்றினார். பிறகு காற்றை இறக்காமல் பம்பை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தளர்த்துங்க."

"ரொம்ப வலிக்குதா? வலிக்குதுன்னு சொல்லுங்க, தளர்த்திடுறேன்."

சவரிமுத்து கட்டிலைப் பார்த்தார். பூலோகராஜ் தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் ஒரு வலியா?" என்றார் சவரிமுத்து.

பேச ஆரம்பித்தார். எலும்பைக் கண்ணால் பார்க்காமல் துளை போடுகிறவர்களைத் திட்டினார். தன்னை இங்கே அனுப்பியவர்களைத் திட்டினார். ஐந்தாம் நிமிடம் விரல்கள் வெளுத்தன. பத்தாம் நிமிடம் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. மேலுதட்டில் வியர்வை நின்றது.

இருபதாம் நிமிடம் மங்கையர்க்கரசி அந்தச் சான்றிதழை அவர் முன் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"போடுங்க சார்."

சவரிமுத்து பேனாவை எடுத்தார். அது விரல்களுக்கிடையே நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார். பிடித்திருக்கிறோமா என்றே அவருக்குத் தெரியவில்லை. தாளில் ஒரு கோணல் கோடு விழுந்து நின்றது.

"கழட்டுங்க. வலிக்குது."

காற்று சீறி இறங்கியது. கை முழுவதும் சிவந்து, ஆயிரம் கட்டெறும்பு கடித்தாற்போல் எரிந்தது. அவர் கையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"என்ன விளையாட்டு இது? கையே செத்துப்போச்சு."

"எலும்பு நல்லாத்தான் இருக்கும் சார். வேணும்னா படம் எடுத்துப் பாக்கலாம்."

பூலோகராஜ் கட்டிலைப் பிடித்து மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"எம் முதுகுச் சதையையும் இப்படித்தான் இறுக்கி வச்சிருந்தாகளாம்மா?"

"ஆமா."

அவர் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நேரம் ஐயா?"