விரிசலில் ஒட்டிய கண்ணாடி

சுரங்கப் பொறியியல் ஆசிரியை நாச்சியாரிடம் படித்தவர்கள் பலர் பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக யாரும் வருவதில்லை. ஏதாவது கையை மீறிப் போனால்தான் மேடத்தின் ஞாபகம் வரும். அருளானந்தும் அப்படித்தான் வந்தான். நாற்பது வயது, ஒரு கல்குவாரிக்கு மேனேஜர்.

"குழியோட மேற்குச் சுவர்ல மேல ஒரு விரிசல் மேடம். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே குறுக்கே கண்ணாடி ஒட்டினோம்."

விரிசலின் இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒரு கண்ணாடித் துண்டைப் பதிப்பது பழைய வழக்கம். பாறை மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் கீழே இருக்கும் ஆட்களை வெளியேற்ற வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

"உடைஞ்சுதா?"

"உடைஞ்சுது. புதுசு மாத்தினோம். அதுவும் உடைஞ்சுது. இதோட மூணு தடவை. ஆனா பாறை விழல மேடம். கண்ணாடிதான் மட்டமோன்னு தோணுது. கொஞ்சம் கனமானதா வாங்கிப் போடலாமா?"

இந்தப் பாடத்தில் அவனுக்கு முழு மார்க் போட்டவர் நாச்சியார்தான். அதை நினைக்க வாயெல்லாம் கசந்தது.

"இரும்புத் தகடே போடேன். உடையவே உடையாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரிஜிஸ்டர்ல என்ன எழுதினே?"

"கண்ணாடி நல்ல நிலையில் உள்ளதுன்னு."

பொய் என்றும் சொல்ல முடியாது. இப்போது மாட்டிய கண்ணாடி நல்ல நிலையில்தானே இருக்கும்!

"ஆளுங்களை ஏன் மேல ஏத்தல?"

"வேலை நின்னா முதலாளி என்னை அனுப்பிட்டு வேற ஆளைப் போட்டுடுவார் மேடம். வீட்ல ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க."

"நாளைக்கு வர்றேன்" என்றார் நாச்சியார்.

மறுநாள் அவர் வந்து சேர மதியம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. நேராக மேலே ஏறி விரிசலைப் பார்த்தார். நான்காவது கண்ணாடியும் இரண்டாக உடைந்திருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள மாத்தச் சொல்லிடறேன்" என்றான் அருளானந்து.

அவர் குழிக்குள் இறங்கினார். பேருக்குக்கூட ஒரு மரம் இல்லாத இடம். அந்த நேரத்தில் மேற்குச் சுவரின் அடியில் மட்டும்தான் நிழல். பதினேழு பேர் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"நாம வெயில்ல நிக்கிறோம், அவங்க நல்லா நிழல்ல உக்காந்திருக்காங்க பாரு" என்றார் நாச்சியார். பையிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார்.

"மேடம், ஆபீஸ்ல ஃபேன் இருக்கு. அங்க போயிடலாம்."

அவர் நிற்கவில்லை. ஒரு பெண் நகர்ந்து, "வாங்கம்மா, இப்படி உக்காருங்க" என்று இடம் விட்டாள்.

"மேடம்! அங்க போகாதீங்க! வேண்டாம், வந்துடுங்க!"

அருளானந்தின் கத்தல் குழி முழுக்கக் கேட்டது. பதினேழு பேரும் சோற்றில் வைத்த கையோடு நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்கள்.

நாச்சியார் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணுன்னதும் வாய் வருதே அருளானந்து. நாலு கண்ணாடி உடைஞ்சப்போ இந்த வாய் எங்க போச்சு?"