தலைவி வேண்டாம் என்றவர்கள்

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஓர் இறால் கம்பெனி உண்டு. ஐஸில் கிடக்கும் இறாலை நாள் முழுக்க நின்றபடி உரிக்கிற வேலை. செய்பவர்கள் எல்லாரும் பெண்கள். ஒருநாள் சந்தனமாரி என்பவள் நிற்க முடியாமல் மயங்கி விழுந்தாள். மறுநாள் மேனேஜர் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

முந்தைய வருடமும் இப்படி ஒரு போராட்டம் நடந்தது. அப்போது தலைமை தாங்கியவளுக்குச் சூப்பர்வைசர் வேலை கொடுத்தார்கள்; போராட்டம் அத்தோடு கலைந்தது. அதை மறக்காத ரெஜினா என்பவள், இந்த முறை தலைவியே வேண்டாம் என்றாள். ஒருத்தி இருந்தால்தானே அவளை வளைக்க முடியும்? யாரும் எல்லாருக்காகவும் பேசக்கூடாது என்று சத்தியம் செய்தார்கள். அவர்களில் மாரிக்கனி என்பவளும் செய்தாள்.

மேனேஜர் வந்து, யாரிடம் பேசுவது என்று கேட்டார். எல்லாரிடமும் என்றார்கள். சரி, என்ன வேண்டும் என்றார். ஒருத்தி சந்தனமாரிக்கு வேலை என்றாள், ஒருத்தி கையுறை என்றாள், அதைவிட உட்கார ஸ்டூல்தான் முக்கியம் என்று இன்னொருத்தி மறித்தாள். கொஞ்ச நேரம் கேட்ட மேனேஜர், சாயங்காலம் சங்கு ஊதுவதற்குள் ஒரே ஒருவர் உள்ளே வந்து பேசலாம், இல்லாவிட்டால் நாளை வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் ஒரே குழப்பம். போனால் சத்தியம் போச்சு, போகாவிட்டால் வேலை போச்சு. பேசிப் பேசியும் முடிவு வரவில்லை. மாரிக்கனி எழுந்து, யாரையும் கேட்காமல் உள்ளே போனாள்.

சங்கு ஊத நேரம் இருக்கும்போதே திரும்பி வந்தாள். சந்தனமாரிக்கு வேலை உண்டு, எல்லாருக்கும் கையுறை உண்டு. பதிலுக்கு, தினமும் அரைமணி நேரம் முன்னால் வருவதாக எல்லார் சார்பிலும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சிலர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள், அந்த அரைமணி நேரம் பிள்ளையை யாரிடம் விடுவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"என் அரைமணி நேரத்தக் குடுக்க ஒனக்கு யாருட்டி சொன்னது?" என்றாள் ரெஜினா.

"ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு இருந்தா, சந்தனமாரி வீட்லதான்க்கா இருப்பா."

சந்தனமாரிக்கு யார் பக்கம் நிற்பதென்றே தெரியவில்லை. மறுநாள் காலை எல்லாரும் உள்ளே போனபிறகும் வாசலிலேயே நின்றாள். ரெஜினாதான் திரும்பி வந்து அவளை உள்ளே கூட்டிப்போனாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சத்தியத்தைக் காத்தவள் ரெஜினா. அதை மீறிக் காரியத்தை முடித்தவள் மாரிக்கனி. இதில் யார் செய்தது சரி?

என் விடை இது. ரெஜினாவின் பயம் நியாயமானதுதான். ஆனாலும் மாரிக்கனி உள்ளே போனது சரி. யாருமே போகாதிருந்தால் மேனேஜர் நினைத்ததுதான் நடந்திருக்கும். அவள் தவறியது அறைக்குள். மேனேஜர் பேசத்தானே ஒருவரைக் கூப்பிட்டார்? வாக்குக் கொடுக்கும் முன் வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதற்கு நேரமும் இருந்தது. இதை அவளிடமே ஒருமுறை சொன்னேன். "நீங்க அவரு முன்னால தனியா உக்காந்து பாருங்க அண்ணாச்சி, பொறவு சொல்லுங்க" என்றாள். அதிலிருந்து என் விடைமேல் எனக்கே அத்தனை உறுதி இல்லை.