பலாமரத்தின் அடுப்படிப் பக்கம்

ராஜாக்கள் யானைமேல் போன காலம். முத்தேரி என்ற ஊரில் செங்கமலம் என்றொரு கைப்பிள்ளைக்காரி இருந்தாள். கேளுங்கள், அவள் பட்ட வெட்கத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் கொல்லையில் ஒரு பலாமரம். இந்தப் பக்கம் அவளுடைய அடுப்படி. அந்தப் பக்கம், வேலிக்கு அப்பால், ஆடு வளர்க்கும் ஆவுடையின் குடிசை.

மரம் பட்டுப்போகத் தொடங்கியது. ஏன் என்று மாமியார் கேட்டாள்.

"வெயில், அத்தை."

மறுபடி கேட்டாள்.

"கரையான், அத்தை."

மூன்றாம் முறை கேட்டபோது செங்கமலம் வேலிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஆவுடைதான் மரம் பட்டுப்போகட்டும்னு வேர்ல பெருங்காயம் வச்சுட்டா, அத்தை."

பேச்சு ஊர்த்தலைவர் காதுக்குப் போனது. "மரத்தை அறுங்கள். பலகைக்குத் தேறுவது தேறட்டும். தூர் அழுகியிருந்தால் ஆவுடை இந்தத் தெருவை விட்டுப் போகட்டும்" என்றார்.

ஆசாரி மாடக்கண்ணு வந்து அறுத்தார். தூர் அழுகித்தான் இருந்தது.

"பெருங்காயமேதான்!" என்றது கூட்டம்.

"பெருங்காயம் வாங்க வக்கிருந்தா நான் ரசமில்ல வைப்பேன்!" என்றாள் ஆவுடை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் ஆடுகளை அவிழ்க்கத் தொடங்கினாள்.

ஆசாரி குத்தவைத்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். "வேலிப் பக்கம் வைரம் பாஞ்சு கணீர்னு இருக்கு. அடுப்படிப் பக்கந்தான் வெந்துபோயிருக்கு. தாயி, இங்க என்னத்த ஊத்துவீங்க?"

ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும். தப்பிவிடலாம். செங்கமலம் வாயைத் திறந்தாள். ஆவுடை சினையாட்டைக் கயிறு பிடித்துத் தெருப் பக்கம் நடத்துவதைப் பார்த்தாள்.

"கொதிக்கிற வடிகஞ்சி" என்றாள். "தூளியில பிள்ளை அழும். ஆறவைக்கப் பொறுக்காது. தினமும் ஊத்துனேன். முதல் இலை கருகின அன்னிக்கே எனக்குத் தெரியும்."

ஆவுடை ஆடுகளை மறுபடி கட்டினாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தேறியவை வேலிப் பக்கத்துப் பலகைகள் நான்கு. ஒரு தொட்டிலுக்குச் சரி. அவற்றைச் சுமந்துபோய் ஆவுடையின் வாசலில் வைத்தாள் செங்கமலம்.

"எனக்கெதுக்குடி? ஆட்டையா தாலாட்டப் போறேன்?" என்றாள் ஆவுடை. "உன் பிள்ளையப் போடு. கஞ்சிய ஆறவச்சு என் ஆட்டுக்குக் குடு."

தொட்டில் ஆடும்போதெல்லாம் செங்கமலத்தின் தலை தானாகக் குனியும்.

தன் தவறைச் சொல்லப் பயந்து அடுத்தவர்மேல் பழி போடுகிறவர், அந்த அடுத்தவரின் நல்ல மனத்துக்கு முன்னால்தான் கூனிக்குறுகி நிற்க நேரும்.